சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லை

ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில், காலை நடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, அந்தப் பெட்டியைச் சிமெண்டு பெஞ்சின் மேல் வைத்துவிட்டு என் கணவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீரில் பிளைவுட்டும் தெர்மோகோலும் ஒட்டிச் செய்த ஒரு சின்னப் படகு, ஆள் இல்லாமல், தானாகப் போய்க்கொண்டிருக்கும். அது போகவேண்டிய நேர்கோட்டை விட்டு ஓர் அளவுக்கு மேல் விலகினால் பெட்டி படகுக்கு ரேடியோவில் ஒரு திருத்தம் அனுப்பும். படகின் சுக்கான் திரும்பும். அனுப்பும் அந்தக் கணத்தில் மட்டும் விளக்கு எரிந்து அணையும். எல்லாரும் விளக்கு எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் அது எரியாமல் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். "விளக்கு எரியாத நேரம்தான் என் சம்பாத்தியம்" என்பார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். அவர் வேறொரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் அப்பா ரயில்வே வேலைக்காகச் சேலத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். நான் கன்னடத்தில் கனவு கண்டு, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள். அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். சம்பளம் கேட்பார், சமையல் கேட்பார் என்று நினைத்தேன். "உங்களுக்குக் கோவம் வந்தா உடனே சொல்லிருவீங்களா, இல்ல சேர்த்து வச்சுச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேர்த்து வைப்பேன்" என்றேன். "நானும் அப்படித்தானுங்க. சொல்ற அளவுக்கு வந்தாத்தான் சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் கல்யாணம் முடிவாகிவிட்டது. அது எத்தனை உண்மையான வாக்குமூலம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் மாமியார் உதாரணம் சொல்வார். ஒரு எந்திரத்தை நாம் நினைத்த வழியில் போக வைக்க வேண்டும் என்றால், வழக்கமான முறையில் கடிகாரம்போல ஓயாமல் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா, கேஸை அணைச்சியான்னு கேட்டுக்கிட்டே இருக்கற மாமியார் மாதிரி. மருமக ஒழுங்காத்தான் இருக்கா. ஆனாலும் கேள்வி நிக்காது. அப்படி இல்லாம, தப்பு ஒரு எல்லையைத் தாண்டினா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?" கேட்கிற பெண்கள் எல்லாரும் போதும் என்றுதான் சொல்வார்கள். பேராசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று முழுதாகத் தெரிந்திருந்தால் சரி, தெரியாத எந்திரத்தை எப்படிப் பார்க்காமல் விடுவாய் என்று கேட்டார்கள். படகு அப்படிப்பட்டதுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அடியில் எவ்வளவு பாசி சுற்றும் என்று எந்தச் சூத்திரத்திலும் எழுத முடியாது. சுக்கானை இரண்டு மடங்கு திருப்பினால் படகு இரண்டு மடங்கு திரும்பிவிடாது. சில சமயம் திரும்பவே திரும்பாது.

இந்தப் படகு யோசனை வந்ததே ஒரு பஸ் பயணத்தில்தான். ஊருக்குப் போய்விட்டு வரும்போது பக்கத்தில் மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ் விவசாயி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தங்கள் ஏரியில் மண் மேடிட்டுவிட்டது, எங்கே எவ்வளவு மேடு என்று அளந்து காட்டினால்தான் தூர் வார மனுக் கொடுக்க முடியும், பரிசலில் போய் அளந்தால் காற்றுக்கு அது பம்பரமாகச் சுற்றுகிறது, ஒரு கோட்டில் நிற்பதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். என் கணவர் அடுத்த வாரமே அங்கே போய், அதே பரிசலில் ஏறி, தலைசுற்றி, சட்டையெல்லாம் நனைந்து வீடு வந்து சேர்ந்தார். "ஏம்மா, எனக்குப் படகு கிடைச்சிருச்சு" என்றார். ஆழம் அளக்கும் கருவியைச் சுமந்துகொண்டு, கரைக்குக் கரை நேர்கோட்டில் போய்த் திரும்பும் ஒரு படகு. சிறிய பேட்டரிதான் வைக்க முடியும். சுக்கானை ஓயாமல் திருப்பினால் பாதி ஏரியிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். தேவையானபோது மட்டும் திருப்பினால் போய்த் திரும்பலாம். புத்தகத்தில் இருந்த அவருடைய யோசனைக்குத் தண்ணீரில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

படகு எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லக் கரையில் இரண்டு தொலைநோக்கிகள் வேண்டும். இரண்டிலிருந்தும் கம்பி பெட்டிக்குப் போகும். தொலைநோக்கியைப் படகின் மேல் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால், திரும்பிய கோணத்தை வைத்துப் பெட்டி கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒன்றில் நான். மற்றதில் அவருடைய சக விரிவுரையாளர். மண்டியாக்காரர். நாங்கள் அவரை மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடுவோம். கன்னடத்தில் வாத்தியாரை அப்படித்தான் சொல்வார்கள். பெட்டியிடம் என் கணவர். "படகை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்பதுதான் எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு கண்ணை மூடி, மறுகண்ணைக் கண்ணாடியில் வைத்து, கூழைக்கடாக்களுக்கு நடுவே அந்த வெள்ளைப் புள்ளியைத் தொடர்ந்துகொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும். மேஷ்ட்ருவோடு வம்பு பேசுவார், நடைக்கு வந்த பெரியவர்களுக்கு மாமியார் கதை சொல்வார்.

ஒருநாள் விளக்கு எரியவே இல்லை. படகு நடு ஏரியைத் தாண்டியும் ஒரு திருத்தம்கூடப் போகவில்லை. அவர் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த படகோ கோட்டை விட்டு எங்கோ போய் நாணலுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. என்னவென்று பார்த்தால், யாரோ கொண்டுவந்த நாய் கம்பியில் கால் மாட்டி அதைப் பிடுங்கிவிட்டிருந்தது. அவர் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பேசாம இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தமாங்க? கம்பி அறுந்தாலும் பேசாமத்தானே இருக்கும்?" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கணக்கு மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அடுத்த வாரம் கம்பி அறுந்தால் மணி அடிக்கும்படி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார்.

எங்கள் வாடகை வீட்டு அடுப்படி மேடைதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். ரசம் கொதிக்கும், பக்கத்தில் காகிதங்கள் கிடக்கும். அவர் ஒரு கணக்கில் முட்டிக்கொண்டு நின்றார். தவறு எல்லையைத் தாண்டும்போதுதான் திருத்தம் போக வேண்டும் என்பது சரி. ஆனால் திருத்தி முடித்த மறுகணமே மறுபடி எல்லையைத் தாண்டிவிட்டால்? அதற்கும் அடுத்த நொடித்துளியில் மறுபடி தாண்டினால்? திருத்தங்கள் நெருங்கி நெருங்கி, கண் இமைக்கும் நேரத்துக்குள் எண்ணில்லாத திருத்தங்கள் வந்து குவிந்துவிடலாம். எந்தப் பெட்டியாலும் அதைத் தாங்க முடியாது. இரண்டு திருத்தங்களுக்கு நடுவே எப்போதும் கொஞ்சமாவது இடைவெளி இருக்கும் என்று நிரூபித்தாக வேண்டும். அது இல்லாமல் அவருடைய ஆய்வு நிற்காது. "மூச்சு விட இடம் இருக்குன்னு மட்டும் காட்டிக் குடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று அந்தப் பகுதியை என்னிடம் தள்ளிவிட்டார். நானும் மாதக்கணக்கில் முட்டினேன். இரவில் பக்கத்தில் படுத்தபடி, "வந்துச்சா?" என்பார். "வரல" என்பேன். "வரும், வரும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் மாடிப்படியில் அவர் என்னிடம் "வந்துச்சா?" என்றது காதில் விழுந்த வீட்டுக்கார அம்மாள் எதை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அந்த மார்ச் மாதத்தில் அவர் மாடி ஏறும்போது நடுவில் நிற்க ஆரம்பித்தார். கேட்டால், செருப்பு வார் என்பார். ஏரிக்கரையில் பெட்டியைத் தூக்கும்போது மேஷ்ட்ருவைக் கூப்பிட்டார். முன்பெல்லாம் யாரையும் தொட விடமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு நெஞ்சை நீவிக்கொண்டு நின்றார். "என்னங்க?" என்றேன். "கேஸு. சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். பரீட்சை முடியட்டும் என்றார். அவருடைய பரீட்சையா என்னுடையதா என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் பேச்சுக் குரல் குறைந்திருந்தது. படகு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கம்பி போடும் இடங்களைக் குறித்துவரத் தனியாக மார்டள்ளிக்குப் போனார். எனக்குப் பரீட்சைக் கண்காணிப்பு இருந்தது, போக முடியவில்லை. காலையில் பஸ் ஏறும்முன், "கணக்கு மேடம், பெஞ்சுக்கு நடுவுல நடக்கறப்ப நம்ம கணக்கையும் கொஞ்சம் நடத்துங்க" என்றார்.

நடத்தினேன். கண்காணிப்பில் எதையும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மதியப் பரீட்சையில், வெயில் ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது, அது சட்டென்று வந்தது. நாங்கள் இலக்கை நெருங்க நெருங்க எல்லையையும் சுருக்கிக்கொண்டே போனோம். தவறு பூஜ்யமாக வேண்டும் என்கிற பேராசை. எல்லை பூஜ்யத்துக்குப் போனால் இடைவெளியும் பூஜ்யத்துக்குத்தானே போகும்? அப்படியில்லாமல், ஒரு சின்ன அளவை மட்டும் எப்போதும் மீதி வைத்துவிட்டால் போதும். படகு கோட்டின் மேலேயே போகாது. கோட்டுக்கு மிக அருகில் ஒரு சிறு விலகலோடு போகும். ஆனால் எந்தத் தவறும் அந்த மீதி அளவை எட்டக் கொஞ்சம் நேரம் எடுத்தே ஆக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் மூச்சு விட இடம். ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாயங்காலம் அவர் வந்ததும் காப்பி கொடுத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், உடனே சொல்லக் கூடாது, கொஞ்சம் தவிக்க விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பரீட்சை முடியும் நேரத்தில் அலுவலக உதவியாளர் வந்து வாசலில் நின்றார். "மேடம், ஃபோன்." டி. நரசிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து. கொள்ளேகாலத்தில் ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். டி. நரசிபுரம் வருவதற்குச் சற்று முன்பு பக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். குடித்துவிட்டுக் கண்ணை மூடியவர் சாய்ந்துவிட்டார். கண்டக்டர் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கே ஓட்டச் சொல்லியிருக்கிறார். சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து முதலில் அவர் கல்லூரிக்கும், அங்கிருந்து நம்பர் வாங்கி எனக்கும் பேசியிருக்கிறார்கள். ஃபோனில் பேசியவர், "பன்னி மேடம், பேக பன்னி" என்று மட்டும்தான் சொன்னார். சீக்கிரம் வாருங்கள். அந்தக் குரலிலேயே நான் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று இருந்தது.

மேஷ்ட்ரு என்னைக் காரில் அழைத்துப் போனார். அங்கே என் கணவர் ஒரு வெள்ளைத் துணியின் கீழ் படுத்திருந்தார். செருப்பில் ஏரிக்கரைக் களிமண் காய்ந்திருந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. நான் அழவில்லையாம். அவர் காதருகே குனிந்து, "இடைவெளி இருக்குங்க. நிரூபிச்சுட்டேன்" என்றேனாம். வெகுநாள் கழித்து மேஷ்ட்ருதான் சொன்னார். சொல்லும்போது அவர்தான் அழுதார்.

அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. மண்டைக்குள் அத்தனை தெளிவாக இருந்தது, ஆனால் பேனாவை எடுத்தால் அவர் மாடிப்படி ஏறும் சத்தம்தான் கேட்கும். எழுதி முடித்து, அவர் பெயரை முதலில் போட்டு, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கணினிகள் நாளுக்கு நாள் மலிவாகின்றன, ஓயாமல் திருத்துவதில் என்ன கஷ்டம், இப்படி ஒரு முறைக்குத் தேவை என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. அவர் இருந்திருந்தால் மாமியார் கதை சொல்லியிருப்பார்.

இப்போது இதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது. நிகழ்வு வந்தால் மட்டும் செயல்படும் கட்டுப்பாடு என்று பாடத்திலேயே வந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்கு முன்பு, ஒரு கருத்தரங்கில் ஓர் இளைஞர் மேடையில் அதே இடைவெளிக் கணக்கை, அதே மீதி அளவை வைத்து நிரூபித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டதல்ல. காலம் வந்தால் ஒரு விஷயம் பல மண்டைகளில் முளைக்கும். நன்றாகவே விளக்கினார். கைதட்டினேன். வெளியே வந்து, குழாயடியில் நீண்டநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். துக்கம் காலத்தோடு கரையும் என்கிறார்கள். கரைகிறது. பூஜ்யமாவதில்லை. அந்த மீதியை வைத்துக்கொண்டுதான் நான் சமைத்தேன், பாடம் நடத்தினேன், பென்ஷன் வாங்குகிறேன்.

ஆனால் மார்டள்ளிக்குப் போன கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் இறந்த அதே வருஷம், மழை நின்று ஏரியில் நீர் நிரம்பியிருந்த சமயம், மேஷ்ட்ரு வந்து, "மேடம், அவர் அந்த ஜனங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கார்" என்றார். வருகிற நாளை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டு, படகையும் பெட்டியையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். பஸ் சிநேகிதரான அந்த விவசாயி கரையில் காத்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "சார் வரலீங்களா?" என்றார். மேஷ்ட்ரு என் முகத்தைப் பார்த்தார். நான் டெம்போவிலிருந்து தொலைநோக்கியை இறக்கப் போனேன். அதற்குள் கம்பி இழுக்கும் வேலை வந்துவிட்டது. அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நான் ஒரு தொலைநோக்கியில், மேஷ்ட்ரு மற்றதில். பெட்டியிடம் ஆள் தேவைப்படவில்லை. சுவிட்சைப் போட்டால் தானே பார்த்துக்கொள்ளும்படிதான் அவர் அதைச் செய்திருந்தார். படகு கிளம்பியது. கரையில் ஊரே நின்றது. மேற்கிலிருந்து நல்ல காற்று. பரிசலைச் சுற்றவைத்த அதே காற்று. படகு லேசாகச் சாய்ந்தது, விலகியது, திரும்பி வந்தது, போய்க்கொண்டே இருந்தது. அக்கரையைத் தொட்டுத் திரும்பியபோது ஜனங்கள் கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அன்று மாலைக்குள் ஏரியின் அடிமேடு முழுவதும் காகிதத்தில் வந்துவிட்டது. அதை வைத்து மனுக் கொடுத்து, அடுத்த கோடையில் தூர் வாரினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்று மதியம், முதல் பாதி வேலை முடிந்ததும், அந்த விவசாயி எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் போனார். அவர் மனைவி ராகிக் களியும் அவரைக் குழம்பும் செய்து வைத்திருந்தார். எனக்குத் தட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்கதானுங்களா அந்தக் கணக்கு டீச்சரு? அன்னிக்கு வந்தப்ப சார் உங்களைப் பத்தித்தான் பேசினாருங்க. ஒரு கணக்கு நிக்குது, ஆனா அவ முடிச்சிருவான்னாரு. அடுத்த வாட்டி வீட்டுக்காரியக் கூட்டிட்டு வர்றேன், இதே களி போடோணும்னு சொல்லிட்டுப் போனாரு."

நான் களியைக் கிள்ளிக் கையில் வைத்திருந்தேன்.

"அன்னிக்கு அவருக்கு ரொம்ப முடியலீங்க" என்றார் அந்த அம்மாள். "வேர்த்து ஊத்துது. என்ன சாமி ஆச்சுன்னேன். நெஞ்சு வலிக்குதுங்கம்மா, ஒரு வாரமா வலிக்குதுன்னாரு. சீரகத் தண்ணி காய்ச்சிக் குடுத்தேன். இங்கயே படுத்துட்டுப் போங்கன்னா கேக்கல. வீட்டுல அவளுக்குப் பரீட்சை நேரம், சொன்னா பயந்துக்குவா, முடிஞ்சதும் சொல்லிக்கறேன்னு கிளம்பிட்டாரு."

அவர் சொல்லியிருக்கிறார். சொல்ற அளவுக்கு வந்துதான் இருந்திருக்கிறது. என்னிடம் அல்ல. பஸ்ஸில் பழகிய ஒருவர் வீட்டில், பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மாளிடம், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஒருவராவது கேட்டிருக்கிறார் என்று ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. அந்த ஒருவர் நானாக இல்லையே என்று நெஞ்சு வெடித்தது. இரண்டும் ஒரே வாய்ச் சோற்றில்.

மேஷ்ட்ரு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படீங்க இருக்காரு? வலி நின்னுச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க" என்றேன். "இப்ப வலியே இல்ல."

"அது போதும் சாமி" என்று சொல்லி, அவர் என் தட்டில் இன்னோர் உருண்டை களி வைத்து, நடுவில் குழிசெய்து, குழம்பை ஊற்றினார்.